செய்முறைப் பதிவேடு

முதல் நாள் ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட்டேன்.
பிரவுன் தாள் கிடைக்காமல்
போன வருடக் காலண்டரில் ஒரு மாதத்தைக் கிழித்து
வெள்ளைப் புறம் வெளியே தெரிய.
பெயர்: க. யாழரசி.
வகுப்பு: பன்னிரண்டு, கணக்குப் பதிவியலும் தணிக்கையியலும்.
இடம்: நேரடி நெல் கொள்முதல் நிலையம்,
மேலப்பனங்காட்டங்குடி.
காலம்: புரட்டாசி.
அப்படி எழுதக்கூடாதாம்.
டீச்சர் அடித்துவிட்டுத் தேதி போட்டார்.

ஜன்னத்துக்கு மின்தராசு, எனக்கு ஈரமானி.
ஒரு பிடி நெல்லைக் கொட்டினால்
ஓர் எண்ணைத் துப்பும் சின்னப் பெட்டி.
பதினேழுக்குள் என்றால் எடுக்கலாம்.
தாண்டினால், "காயப் போட்டுக் கொண்டாங்க."
அதைச் சொல்லும்போது
முகத்தைப் பார்க்கக்கூடாது என்று
நான்காம் நாள் நானே கண்டுபிடித்தேன்.

எங்கே காயப் போடுவது?
களம் முழுக்க நெல்.
தார்ச்சாலையில் பாதி நெல், மீதியில் பஸ்.
நீடாமங்கலம் கேட் மூடினால்தான் சாலைக்கு மூச்சு.
அந்த இருபது நிமிடத்தில் காலாலேயே கிளறிவிடுவார்கள்.
கேட்டை மூடவைத்ததும்
நெல் ஏற்றிய சரக்கு ரயில்தான்.

ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்று படித்திருக்கிறேன்.
ஆறாம் நாள்
சிப்பத்துக்கு இவ்வளவு என்று
மடித்த நோட்டுகள் டிராயருக்குள் போயின.
இதை எந்தத் தலைப்பில் எழுதுவது?
தெரியாமல்தான் கேட்டேன்.
பட்டியல் எழுத்தர் குணசீலன் சிரிக்கவில்லை.
"எனக்கு சீசன் வேலை பாப்பா.
லாரிக்காரன் கேக்குறான், கிடங்குல கேக்குறான்,
எடை குறைஞ்சா என் சம்பளத்துல புடிக்கிறான்.
போயி மூணு டீ சொல்லு."
சொன்னேன்.
முப்பத்தாறு ரூபாய்.
அதை மட்டும் சில்லறை ரொக்க ஏட்டில் எழுதினேன்.

அம்சவல்லி அக்கா வந்தது எட்டாம் நாள்.
டோக்கன் நூற்றுப் பதினான்கு.
மூன்று மா, கோயில் நிலம்,
குத்தகைச் சீட்டு இன்னொருவர் பேரில்.
குவியலுக்குப் பக்கத்திலேயே சோறு, தூக்கம்.
தினமும் ஒரு பிடி நெல்லோடு மேசைக்கு வரும்.
பத்தொன்பது.
பதினெட்டு புள்ளி இரண்டு.
பதினேழு புள்ளி ஒன்பது.
காய்ச்சல்காரப் பிள்ளைக்குத் தெர்மாமீட்டர் வைத்ததுபோல
இரண்டு பேரும் பெட்டியையே பார்த்திருப்போம்.

பதினைந்தாம் நாள் சாயங்காலம்
பதினேழு புள்ளி நான்கு.
மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.
வெறும் பதினேழு என்று எழுத எனக்குத் தெரியும்.
கூடுதலாக எதுவும் செய்ய வேண்டியதில்லை,
ஒரு புள்ளிக்கு முன்னால் பேனாவை நிறுத்தினால் போதும்.
நேர்மையில் எழுதினேனா, பயத்தில் எழுதினேனா,
இன்றுவரை கூட்டிப் பார்க்கிறேன்,
இரு பக்கமும் பொருந்தவில்லை.
17.4.

ராத்திரி பெய்தது.
தார்ப்பாய்க்கு மேலே ஒரு குளம், கீழே ஒரு குளம்.
நாலாம் நாள் குவியலின் ஓரத்தில்
வெள்ளை வெள்ளையாய் முளை.
அக்கா திட்டவில்லை.
அதில் ஒரு பிடி அள்ளி
வழக்கம்போல மேசையில் வைத்தது.
"இதுக்கு என்ன காட்டுதுன்னு பாரு."
பார்த்தேன். இருபத்தாறு.
எழுதினேன்.

இருபத்திரண்டாம் நாள் தளர்வு வந்தது:
இனி இருபது வரை எடுக்கலாம்.
குணசீலன் சார் சுற்றறிக்கையைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினார்.
அதே பெட்டி, அதே எண்.
போன வாரம் ஈர நெல்,
இந்த வாரம் காய்ந்த நெல்.
முளைக்குத் தளர்வு இல்லை.
அக்காவின் குவியல் கிடந்த இடத்தில்
வேறு யாரோ பாய் விரித்திருந்தார்கள்.

நோக்கம், செய்முறை, காட்சிப்பதிவு எல்லாம் எழுதியாயிற்று.
முடிவு என்ற தலைப்பின் கீழ்
ஜன்னத் எழுதியதையே பார்த்து எழுதினேன்:
கருவியைக் கையாளக் கற்றுக்கொண்டேன்.
சிவப்பு மையில் 'நன்று'.

இன்று வகுப்பில் திடீர்த் தேர்வு.
இருப்பாய்வு காட்டிக்கொடுக்காத பிழைகள் யாவை?
எடுத்துக்காட்டுடன் விளக்குக. ஐந்து மதிப்பெண்.
ஜன்னத் என் பக்கம் திரும்புகிறாள்.
எழுதாத பேனாவை
உதறிக்கொண்டே இருக்கிறேன்.